நெட்டை மாமா போன வீடுகள்

தூத்துக்குடியில், கடல்காற்று ஜன்னல் கம்பிகளை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த ஒரு தெருவில் ஜெயசிங் என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை, ஆளும் கிரேன் மாதிரியே நெடுநெடுவென்று இருப்பார், அதனால் அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையின் பந்து சன்ஷேடில் போய் உட்கார்ந்தாலும், எந்தப் பட்டம் முருங்கைமரத்தில் சிக்கினாலும், எந்தப் பூனைக்குட்டி ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாமல் மதில்மேல் நின்று கத்தினாலும், பிள்ளைகள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று "மாமா, எட்ட மாட்டேங்கு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் சோற்றுக் கையோடு எழுந்துவந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப்போய் மிச்சச் சோற்றைச் சாப்பிடுவார்.

அவர் மனைவி பியூலாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்துவது தெரியாமல் குத்துவாள் என்று பெயர் எடுத்தவள், ஆனால் பேச்சு குத்தும். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை. அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்துவிட்டது, அவர்கள் இரண்டு பேரும் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

மாடியில் குடியிருந்த நிலோஃபர் என்கிற காயல்பட்டினத்துப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. ஜன்னல் வழியாக ஜெயசிங்கைப் பார்த்துப் பார்த்து அவள் ஒரு படப்புத்தகம் போட்டாள். ‘எட்டாமப் போனா மாமாவைக் கூப்பிடு’ என்று பெயர் வைத்தாள். முதல் பக்கத்தில் பந்து, அடுத்த பக்கத்தில் பட்டம், அதற்கடுத்து பூனை, அதற்கடுத்து கோபித்துக்கொண்டு பீரோமேல் ஏறி உட்கார்ந்த ஒரு தாத்தா, இப்படியே உயரம் கூடிக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தில் தென்னைமரத்தில் சிக்கிக்கொண்ட நிலாவை நெட்டை மாமா இரண்டு விரலால் அலுங்காமல் எடுத்து வானத்தில் விடுவார். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பார்த்த பிள்ளைகள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினார்கள், அட்டை கிழிந்தால் அழுதார்கள், புதுசு வாங்கிக் கொடுத்தால் பழசுதான் வேண்டும் என்று மறுபடி அழுதார்கள்.

பிறகு பிறந்தநாள்கள் வந்தன. கேக்கில் நெட்டை மாமா, தொப்பியில் நெட்டை மாமா, கூரையில் ஒட்டவைத்த அட்டை நிலா. எல்லா வீட்டிலும் ஹீலியம் பலூனை வேண்டுமென்றே கைவிட்டார்கள், அது மேலே போய் ஒட்டிக்கொண்டதும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து "மாமா, எட்ட மாட்டேங்கு" என்று கத்த வேண்டும், அப்போது நிஜ நெட்டை மாமாவே கதவைத் திறந்துகொண்டு, குனிந்து, உள்ளே வரவேண்டும். ஜெயசிங்குக்கு இல்லை என்று சொல்ல வராது. வரமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் வருகிறேன் என்றுதான் வரும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே சாயங்காலத்தில் மூன்று வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

"எந்த வீட்டுக்குப் போகப் போறிய?" என்று கேட்டாள் பியூலா, சட்டையைத் தேய்த்துக்கொண்டே.

"பாப்போம்."

"பாத்தா முடியுமா? மூணு வீடும் மூணு திசையில கெடக்கு."

"போவும்போது ஒண்ணு தோணாமலா போகும்" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஜெயசிங் நடந்தார். பியூலா கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தெருமுனையில் ரோடு மூன்றாகப் பிரிகிற இடத்தில் அவர் ஒரு விநாடி நின்றார், தலையைச் சொறிந்தார், பிறகு மூன்று ரோட்டிலும் போனார். மூன்று முதுகு, மூன்று நடை, மூன்று பேருக்கும் இடது தோள் கொஞ்சம் இறங்கியே இருந்தது. பியூலாவுக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: தேய்த்தது ஒரு சட்டை, மூன்றிலும் மடிப்புக் கலையாமல் இருக்கிறதே.

பொழுது சாய்கிற நேரம் மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து வந்து, கேட்டில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே ஆளாக உள்ளே நுழைந்தார்கள். ஒரு ஏப்பம் வந்தது, அதில் சாக்லேட்டும் அன்னாசிப்பழமும் வெண்ணெயும் மணத்தது. பியூலா அவர் விரலைப் பிடித்து ஊசியால் குத்திச் சர்க்கரை பார்த்தாள்.

"போறது மூணு பேரா இருக்கலாம், உள்ள கெடக்க கணையம் ஒண்ணுதான். அடுத்த தடவை ஒரு வீட்டுல கேக், மத்த வீட்டுலயெல்லாம் தண்ணி" என்றாள்.

ஊர் இதைச் சுலபமாகவே எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஐந்தாகவும் ஏழாகவும் அவர் கிளம்பிப் போனபோது, எதிரே வந்த சைக்கிள்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும், இரண்டு ஜெயசிங் ஒன்றாக வந்தால் ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் கொடுப்பதா, இல்லை இரண்டு டீயே போடுவதா என்று கொஞ்சநாள் குழம்பினார். சர்ச்சில் பாடகர் குழுத் தலைவர் வந்து, கிறிஸ்துமஸுக்குக் கட்டைக்குரல் ஆள் குறைகிறது, நாலாக வந்து நிற்க முடியுமா என்று கேட்டார். துறைமுகத்தில் மேலதிகாரி கூப்பிட்டு, இரண்டு கிரேனையும் நீரே ஓட்டிவிட்டால் என்ன என்று கேட்டார். ஜெயசிங் இரண்டு பேருக்காகவும் மனதார முயற்சி செய்து பார்த்தார். மூச்சைப் பிடித்துப் பார்த்தார், முக்கிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டால்தான் அவர் பிரிவார், பெரியவர்களுக்கு அவர் ஒரே ஆள்தான்.

"இதுல ஒரிஜினல் எது அக்கா?" என்று தெருப்பெண்கள் பியூலாவிடம் கேட்பார்கள்.

"எல்லாமே நான் துவைச்ச சட்டைதான்" என்பாள் பியூலா.

அந்த விழாக்களுக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. கேக் பிடிக்காது என்று சொல்லிவிடுவாள். பிறந்தநாள் வீட்டில் மற்றப் பெண்கள் தன்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு கனிவு இருக்கும், அதுதான் பிடிக்காது என்று யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு சினிமா வந்தது. சென்னையிலிருந்து ஒரு டைரக்டர் பெரிய வேனில் வந்து இறங்கி, நிலோஃபரிடம் கதையை வாங்கி, அந்தத் தெருவிலேயே படம் பிடித்தார். நெட்டை மாமாவாக நடித்த கதாநாயகன் ஜெயசிங்கின் தோளுக்குக் கீழேதான் இருந்தார், அதனால் அவருக்குக் கட்டைச் செருப்பு செய்து, அதை மறைக்க நீளமான பேண்ட் தைத்தார்கள். கதையில் ஒரு வில்லனைச் சேர்த்தார்கள், ஒரு காதலியைச் சேர்த்தார்கள், நிலாவை வில்லன் கடத்திக்கொண்டு போவதாகவும் பனிமலையில் ஒரு பாட்டு வருவதாகவும் மாற்றினார்கள். நிலோஃபர் தியேட்டரில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் ஓடு ஓடென்று ஓடியது. ஆனால் எந்த ஊர்த் தியேட்டரிலும் படம் முடிந்து விளக்குப் போட்டதும் பிள்ளைகள் ஒன்றுதான் கேட்டார்கள்: "இது மாமா இல்ல. நெஜ மாமா எங்க?"

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவில் ஒரே மனிதர் ஊர்வலம் போவதுபோல இருந்தது. சேலத்துக்கு ஒருவர், கோயம்புத்தூருக்கு இருவர், யாழ்ப்பாணத்துக்கு ஒருவர், துபாய்க்கு ஒருவர் என்று ஜெயசிங்குகள் கதவைத் திறந்து வெளியே போய்க்கொண்டே இருப்பார்கள், பியூலா ஒவ்வொருவரையும் நிறுத்தி, சட்டைக் காலரைச் சரிசெய்து, "கேக் திங்காதிய" என்று சொல்லி அனுப்புவாள். டொரண்டோவுக்குப் போனவர் மறுநாள் காலையில்தான் வருவார், மீசையில் கொஞ்சம் பனி ஒட்டியிருக்கும்.

ஜெயசிங்குக்கு ஒரு பழக்கம். அடுக்களைக்குள் நுழையும்போது தினமும் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்வார். இத்தனை வருஷமாகியும் குனியப் பழகவில்லை, இடித்த பிறகுதான் குனிவார். பியூலா சத்தத்தைக் கேட்டுத்தான் காப்பியை ஆற்றுவாள். ஒரு திங்கட்கிழமை காலையில், டொரண்டோக்காரரும் வந்து சேர்ந்த பிறகு, அவர் அடுக்களைக்குள் வந்து அவள் பின்னால் நின்று "காப்பி" என்றபோது பியூலா திடுக்கிட்டுத் திரும்பினாள். இடிச் சத்தம் கேட்கவில்லை.

"ஏங்க, தலை இடிக்கலையா?"

"இல்லையே."

"குனிஞ்சியளா?"

"இல்லையே" என்று அவரும் நிலையைத் திரும்பிப் பார்த்தார். நெற்றிக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு இடைவெளி இருந்தது.

பிரிந்து போனவர்களில் யாரோ ஒருவர் திரும்பி வரவில்லை, அந்த அளவுக்கு உயரம் குறைந்திருந்தது. செவ்வாயும் புதனும் பார்த்தார்கள், வரவில்லை. அந்த வாரம் எதிர்வீட்டுப் பிள்ளையின் இறகுப்பந்து சன்ஷேடில் போய் விழுந்தது. ஜெயசிங் கையை நீட்டினார், எம்பினார், நுனிவிரல் தொட்டது, பந்து இன்னும் உள்ளே போய்விட்டது. ஒரு சின்னப் பெண் வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு முக்காலியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள். ஜெயசிங் சிரித்துக்கொண்டே அதில் ஏறிப் பந்தை எடுத்துக் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"இப்படியே ஒவ்வொரு வீட்டுல ஒவ்வொருத்தரா தங்கிட்டா, கடைசியில எனக்குன்னு வீட்டுக்கு வர்றது யாரு?" என்றாள் பியூலா. கோபமாகத்தான் கேட்க நினைத்தாள், குரல் வேறு மாதிரி வந்துவிட்டது. அவர் எதிரே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணை மூடுங்க. அந்த ஆளு எங்க இருக்காவ? என்ன தெரியுது?"

ஜெயசிங் கண்ணை மூடினார். "வலது கையை யாரோ புடிச்சிட்டு இருக்காவ. சின்னக் கை."

"வேற?"

"ரவை வறுக்க வாசனை. கடுகெண்ணெய் வாசனை. ஒரு ரயில் வந்து நிக்கி... ஒருத்தன் முறுக்கு விக்கான்... ஸ்பீக்கர்ல ஒரு பொம்பள மணியாச்சி, மணியாச்சின்னு சொல்லிட்டே இருக்கா."

"அதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா!" என்றாள் பியூலா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல ஜெயசிங்குகள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். கடைசியாகக் கிளம்ப இருந்தவரின் சட்டையைப் பியூலா பிடித்தாள். "இன்னைக்கு ஒரு ஆள் எங்கூட வரணும்."

"பிள்ளையள் கூப்பிட்டாத்தானே பிரிய வருது, நான் என்ன செய்ய?"

"நான் கூப்பிட்டா வரமாட்டியளா?"

ஜெயசிங் அவளைப் பார்த்தார். "நீ என்னை எங்கயும் கூப்பிட்டதே இல்லையே" என்றார். அவர் மேலப்பாளையத்துக்குக் கிளம்பிப் போனார், அவருக்குள்ளிருந்தே இன்னொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு பியூலாவோடு ரயிலடிக்கு நடந்தார்.

மணியாச்சி ஜங்ஷனில் தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது. அதில் கடைசி வீட்டு வாசலில், முன்னி என்கிற ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையில் காகிதத் தொப்பியோடு, காணாமல்போன ஜெயசிங் உட்கார்ந்திருந்தார். முன்னியின் அப்பா பீகாரிலிருந்து வந்து தண்டவாளம் பராமரிக்கிற வேலை பார்ப்பவர். மாற்றலாகி வந்து கொஞ்சநாள்தான் ஆகிறது. முன்னி அந்தப் படப்புத்தகத்தை வைத்துத்தான் தமிழ் படித்தாள், அதனால் அவளுக்கு முதலில் தெரிந்த தமிழ் வாக்கியம் "எட்ட மாட்டேங்கு" என்பதுதான். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதையும் கூப்பிட்டிருந்தாள். தண்டவாளத்தைத் தாண்டிப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றவர்களுக்குப் பயம், தெரியாத வீட்டில் போய் என்ன பேசுவது என்று தயக்கம். மாமா மட்டும்தான் வந்தார்.

முன்னி இரண்டு மாமாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பியூலாவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

"இவுக வீட்டுக்காரி."

"எந்த மாமாவுக்கு?"

"ரெண்டு பேருக்கும்தான்."

உட்கார்ந்திருந்த ஜெயசிங் தொப்பியைக் கழற்றினார். "ஆளு வந்ததும் கேக் வெட்டுவோம், அது வரைக்கும் இருங்கன்னு இவ சொன்னா. சரின்னு சொல்லிட்டேன் பியூலா. ஆளு வரல."

உள்ளே முன்னியின் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு தட்டைக் காட்டினாள். முதல் கேக்கை எறும்பு தின்றுவிட்டதாம், ரவையில் புதுசாகச் செய்துவைத்தாளாம், அதுவும் கெட்டுப்போய் இது மூன்றாவது. வாய் பேசாமல் கையாலேயே இதையெல்லாம் சொன்னாள், பியூலாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

பியூலா சேலையை இடுப்பில் சொருகினாள். "ஏங்க, இப்ப மத்தவுகல்லாம் எங்கெங்க இருக்காவ?"

இரண்டு ஜெயசிங்கும் ஒன்றாகக் கண்ணை மூடினார்கள். "திருநெல்வேலியில மூணு வீடு, மேலப்பாளையத்துல ஒண்ணு. கோவில்பட்டியில ரெண்டு. நம்ம ஊர்ல நாலஞ்சு. டொரண்டோவுல இப்பத்தான் விடியப்போவுது."

"டொரண்டோ கெடக்கட்டும். மத்தவுக எல்லாரையும் அந்தந்த வீட்டுப் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு ரயிலேறச் சொல்லுங்க. பெத்தவுக கேட்டா அவுகளையும் ஏறச் சொல்லுங்க. கேக் மிச்சம் இருந்தா கையில எடுத்துக்கிட சொல்லுங்க."

மணியாச்சிக்கு மூன்று திசையிலிருந்தும் தண்டவாளம் வருகிறது. சாயங்கால வெயில் சாய்ந்திருந்த நேரத்தில் திருநெல்வேலியிலிருந்து ஒரு ரயில் வந்து நின்றது, அதிலிருந்து நான்கு ஜெயசிங்குகள் இறங்கினார்கள், ஒவ்வொருவர் பின்னாலும் கூம்புத் தொப்பி போட்ட பிள்ளைகள் சட்டையைப் பிடித்தபடி வரிசையாக இறங்கினார்கள், அவர்களுக்குப் பின்னால் அம்மாக்களும் அப்பாக்களும், பாதி வெட்டிய கேக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த ஒரு சித்தப்பாவும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் நான்கு மாமாக்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் இருப்பதைக் கண்டு கொஞ்சநேரம் யோசித்தாராம். பிறகு, ஆள் ஒருத்தர்தானே என்று அதில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாராம். அடுத்து கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு ரயில், அதில் பலூன்கள் ஜன்னலுக்கு வெளியே மிதந்துகொண்டு வந்தன. கடைசியாகத் தூத்துக்குடி ரயில் வந்தது, அதில் தெருவே வந்தது. நிலோஃபர் வந்தாள், டீக்கடைக்காரர் வந்தார், பாடகர் குழுத் தலைவர் வந்தார், முக்காலி தூக்கிய சின்னப் பெண்ணும் வந்தாள். மேளச் சத்தம் கேட்டதுபோல ஊருக்குள்ளிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், அவர்களோடு முன்னியின் வகுப்புப் பிள்ளைகளும் அப்பாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி வந்தார்கள். முன்னியின் அப்பா எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

வீடு சின்னது. ஜெயசிங்குகள் வாசலில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, ஒருவருக்குள் ஒருவர் நுழைந்து, கடைசியாகக் காகிதத் தொப்பிக்காரரும் அவர்களுக்குள் நுழைந்ததும், ஒரே ஆளாக நிமிர்ந்தார். நிமிர்ந்து நிமிர்ந்து, கூரைக்கு மேலே தலை தெரிந்தது என்று அன்று பின்வரிசையில் நின்றவர்கள் இன்னும் சொல்கிறார்கள். முன்னி அவர் தோளில் ஏறி உட்கார்ந்து கேக் வெட்டினாள். முதல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள், கீழே இறங்கினாள், நேராகப் பியூலாவிடம் வந்து, "அத்தை, ஆ" என்றாள்.

பியூலா வாயைத் திறந்தாள். ரவை கேக், கொஞ்சம் ஏலக்காய் கூடுதல். சுற்றிலும் இருந்த பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவர்கள் பார்வையில் கனிவு இருந்ததா இல்லையா என்று அவளுக்குக் கவனிக்க நேரமில்லை, ஏனென்றால் அடுத்தடுத்த பிள்ளைகளும் ஆளுக்கொரு துண்டோடு "அத்தை, ஆ" என்று வரிசையில் நின்றுவிட்டார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஊர்க்காரர்கள் அவரவர் ரயிலைப் பிடித்தார்கள். தூத்துக்குடி ரயில் புறப்பட மணி அடித்தபோது ஜெயசிங் பியூலாவின் கையைப் பிடித்துப் பெட்டியில் ஏற்றி, தானும் குனிந்து ஏறினார். ரயில் நகர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பியூலா குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கடைசி வீட்டு வாசலில், சேலையை இடுப்பில் சொருகியபடி, இடது புறங்கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பியூலா முன்னிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முன்னியின் அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தாள், அந்தப் பியூலாவும் தலையை ஆட்டிச் சிரித்தாள்.

ஜெயசிங்கும் எட்டிப் பார்த்தார். "ஏ, அங்க..." என்றார்.

"ஆமா. பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்குல்லா. அந்தப் பிள்ள இன்னைக்கு இருங்கன்னுச்சு" என்றாள் பியூலா, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டே. "காலையில வந்திருவா. வீட்டுச் சாவி அவகிட்டயும் இருக்கும்."